திரி விலகிய மெழுகுவத்தி

காலையிலிருந்து சாயங்காலம் வரை மெழுகுவத்திக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே இருக்கிற மனுஷனுக்கு, அந்த ஸ்டிக்கரில் என்ன இருக்கிறது என்பதே கண்ணில் படாமல் போய்விடும். தோலிபுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. மூன்று சின்னப் படங்கள். திரைச்சீலை பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி, குழந்தை பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி, ஆளில்லாத அறையில் ஒரு மெழுகுவத்தி. மூன்றின் மேலும் குறுக்கே சிவப்புக் கோடு. உரி, ஒட்டு, பெட்டியில் வை. ரஷ்யாவில், யெகதெரின்பர்க் நகரத்துக்கு வெளியே இருந்த அந்தப் பட்டறையில் அவனுடைய பிழைப்பு இதுதான்.

பக்கத்து மேசையில் அச்சிலிருந்து மெழுகுவத்திகளை உருவி எடுப்பவர் பாய்மூராத். தோலிபைவிட மூத்தவர், அவன் ஊர் இருக்கிற பள்ளத்தாக்கிலிருந்தே வந்தவர். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"என்னடா தம்பி, இன்னிக்கு எத்தனை ரஷ்யக்காரன் வீட்டைத் தீயிலருந்து காப்பாத்தின?"

"உங்க வாயைத் தவிர எல்லாத்தையும் காப்பாத்திட்டேன்ணே."

திரி நடுவில் நிற்காமல் ஓரமாக விலகிப்போன மெழுகுவத்திகளைப் பாய்மூராத் தனியாக ஒரு தொட்டியில் போடுவார். ஏன் என்று மேற்பார்வைக்காரி லுத்மிலா ஒருமுறை சொல்லியிருந்தாள். "திரி இருக்கிற பக்கம் மட்டும் உருகும். அந்தப் பக்கச் சுவர் மெலிஞ்சு ஓட்டை விழும். உள்ள இருக்கிற சூட்டு மெழுகு மொத்தமும் மடை திறந்த மாதிரி ஊத்தும். கடைக்கு அனுப்பினா நம்ம மானம் கப்பலேறிடும்." அவற்றை வேலைக்காரர்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். தோலிப் அதிலிருந்து பருமனானவையாகப் பொறுக்கி ஒரு பெட்டி நிறைய அடுக்கி, இலையுதிர் காலத்தில் ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். திரி ஓரமாக இருந்தால் என்ன, எரியத்தானே போகிறது என்று நினைத்தான். சும்மா கிடைக்கிற பொருளில் யார்தான் நொட்டை சொல்வார்கள்!

அவனுக்கு அந்த வெளிச்சம் அவ்வளவு வேண்டியிருந்தது. ஜரஃப்ஷான் ஆற்றுக்கு மேலே மலையை ஒட்டிய அவனுடைய கிராமத்தில், குளிர்காலம் வந்தால் மின்சாரம் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் இருக்கிற அறையிலோ நாற்பது நாளும் விளக்கு அணையவே கூடாது. ராத்திரி மட்டுமல்ல, பகலிலும்தான். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் அந்த நாற்பது நாளும் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இதற்குச் சில்லா என்று பெயர். போன குளிர்காலத்தில் பிறந்த அவனுடைய முதல் பிள்ளை சில்லா முடிவதற்குள் செத்துப்போனான். அன்று சாயங்காலம் மின்சாரம் போயிருந்தது. வீட்டில் மெழுகுவத்தி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, அறை இருட்டாகவே கிடந்தது. நெஞ்சுச்சளி என்றார் டாக்டர். இருட்டு கொண்டுபோய்விட்டது என்றாள் தோலிபின் அம்மா. தோலிப் டாக்டரைத்தான் நம்பினான். ஆனாலும் பெட்டி நிறைய மெழுகுவத்தி அனுப்பினான்.

இப்போது பெண் குழந்தை. பெயர் நஸ்ரின். மகன் இறந்தபிறகு சில வாரம் ஊருக்குப் போய்வந்தவன், அவளையும் போனில்தான் பார்த்திருக்கிறான்.

"ராத்திரியெல்லாம் இவ தூங்க விடறதில்ல. கண்ணு தானா சொக்குது. இதுல இந்த நெருப்பு வேற பக்கத்துலயே எரியுது. எனக்கு பயமா இருக்குங்க," என்று அவன் மனைவி சுலைஹா இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

"பயப்படு, ஆனா அணைய விட்டுடாதே. என்ன ஆனாலும் அணைய விட்டுடாதே," என்பதுதான் ஒவ்வொரு முறையும் அவன் பதில்.

அன்று மதிய இடைவேளையில் சுலைஹா வீடியோவில் கூப்பிட்டாள். தோலிப் ரொட்டியையும் டீயையும் எடுத்துக்கொண்டு காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் பனிதான் என்றாள் சுலைஹா. காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. பள்ளிக்கூட வாத்தியார் மிர்ஜோ இறந்துவிட்டார், ஊரே மையத்து வீட்டில் இருக்கிறது என்றாள்.

"அம்மா?"

"அத்தையும்தான். தாய்மாமன் முறையாச்சே, போகாம இருக்க முடியுமா? திரும்ப இங்க வரமாட்டாங்க. சில்லா முடியறவரைக்கும் அவங்க தங்கச்சி வீட்டுலதான் படுக்கை."

"அப்ப நீ தனியாவா இருக்க?"

"எங்க தனியா? உங்க பொண்ணு இருக்காளே. அப்படியே உங்க அச்சு. ஒரு வேலையும் செய்யறதில்ல, வாயை மட்டும் நல்லாத் திறக்கறா."

தோலிப் சிரித்தான்.

"ஸ்ஸ்! இப்பத்தான் கண்ணசந்தா. சத்தத்தை மொத்தமாக் குறைச்சுட்டேன், நீங்க பேசினா எனக்குக் கேக்காது. பேசாம பாருங்க, போதும்." ஜன்னல் திண்டில் இருந்த டீப்பாத்திரத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் தொட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

மரத்தொட்டில். குழந்தையின் கையையும் காலையும் அகலமான துணிப்பட்டையால் தொட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தது; அந்த ஊரில் பிள்ளைகள் அப்படித்தான் தூங்கும். மேலே குறுக்குக் கட்டையில் குஞ்சம் வைத்த வெல்வெட் துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. குளிருக்காக ஜன்னலில் பிளாஸ்டிக் தாளும் போர்வையின் பாதியும் அடித்திருந்ததால், அறைக்குள் நடுப்பகலிலும் அந்தி மாதிரி இருந்தது. சுலைஹா ஒரு கையால் தொட்டிலை ஆட்டினாள். தோலிபுக்கு மகளின் மூக்கும் நெற்றியும் தெரிந்தன. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் ஆட்டுகிற கை நின்றது. சுலைஹாவின் தலை தொட்டில் கட்டையில் சாய்ந்தது. தூங்கட்டும் பாவம் என்று நினைத்தான்.

அப்புறம்தான் மெழுகுவத்தி அவன் கண்ணில் பட்டது.

தொட்டிலின் தலைமாட்டில் துணிமணி வைக்கிற தகரப்பெட்டி. அதன் மேல் ஒரு தட்டில் நின்றிருந்தது அது, அவன் அனுப்பியதேதான். திரி தொட்டில் பக்கமாக ஒதுங்கியிருந்தது. அந்தப் பக்கத்துச் சுவர் வெற்றிலை மாதிரி மெலிந்து, உள்ளே இருக்கிற தீயின் சிவப்பு வெளியே தெரிந்தது. நடுவில் உருகிய மெழுகு குளம் கட்டியிருந்தது. திரியை யாரும் வெட்டவில்லை. நீளமாக வளைந்து, தலையில் கரி பிடித்து, புகைவிட்டு எரிந்தது. தட்டுக்கும் தொட்டிலில் தொங்குகிற குஞ்சத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"சுலைஹா!" என்றான். "ஏய், சுலைஹா! எழுந்திரு!"

சத்தத்தைக் குறைத்துவிட்டேன் என்று அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் கத்தினான். பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். அங்கே அவள் முடிகூட அசையவில்லை.

பாய்மூராத் ஓடிவந்தார். "என்னடா? என்ன ஆச்சு?"

தோலிப் போனைக் காட்டினான். பாய்மூராத்துக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது. அச்சிலிருந்து உருவி இதைத் தொட்டியில் போட்டதே அவர்தானே. "இது பிச்சுக்கும்டா," என்றார். "கட் பண்ணிட்டு அவளையே கூப்பிடு."

"ரிங்கே கேக்காதுண்ணே. கட் பண்ணா திரும்ப லைன் கிடைக்குதோ இல்லையோ. உங்க போனைக் குடுங்க!"

பாய்மூராத்தின் போனை வாங்கி அம்மாவுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மையத்து வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைக்கிற நேரத்தில் யார் காதில் போன் விழும்? மறுபடியும் அடித்தான். இடது கையில் இருந்த திரையில் மெழுகின் சுவர் ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. அம்மாவை விட்டுவிட்டு அடுத்த வீட்டு ஹம்ரோகுலுக்கு அடித்தான். ஊரில் யார் செத்தாலும் முதல் ஆளாகக் குழி தோண்டப் போகிறவர் அவர்.

"தோலிப் தம்பியா? வாத்தியாரை இப்பத்தான் கபர்க்குழிக்குள்ள இறக்கிட்டு வர்றேன். என்ன மண்ணுடா அது, இறுகிக் கல்லாட்டம்..."

"அண்ணே, எங்க வீட்டுக்கு ஓடுங்க! தொட்டில் பக்கத்துல மெழுகுவத்தி. சுலைஹா தூங்கிட்டா. பத்திக்கப் போகுதுண்ணே, ஓடுங்க!"

நல்ல மனுஷர் அவர், மறுபேச்சுப் பேசவில்லை. பனியை மிதித்து ஓடுகிற சத்தமும் மூச்சு இரைப்பும் போனில் கேட்டன. அங்கே திரையில் சுவர் உடைந்தது. கட்டி நின்ற மெழுகு ஒரே மூச்சில் வெளியே பாய்ந்து, தட்டு நிறைந்து, தகரப்பெட்டியின் விளிம்பைத் தாண்டித் தொட்டில் துணியின் மேல் வழிந்தது. தாங்குவதற்கு ஒன்றுமில்லாத திரி எரிந்தபடியே அந்த ஓட்டை வழியாகச் சாய ஆரம்பித்தது.

"வந்துட்டேன்," என்றார் ஹம்ரோகுல். கதவு தட்டுகிற சத்தம். "உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்குடா! சுலைஹா! அம்மா சுலைஹா!" நாய் குரைத்தது. அந்த அறை பின்கட்டில் இருந்தது. நடுவில் ஒரு முற்றம், பிளாஸ்டிக்கும் போர்வையும் அடித்த ஜன்னல்.

"சுவர் ஏறிக் குதிங்கண்ணே."

நாய் மட்டும் குரைத்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே!"

"தம்பி..." ஹம்ரோகுலின் குரல் சட்டென்று இறங்கியிருந்தது. "என் கையெல்லாம் கபர் மண்ணுடா. செருப்பு, அங்கி, எல்லாத்துலயும் அதான். இப்படியே சில்லா வீட்டுக்குள்ள எப்படிடா காலை வைப்பேன்? அதுவும் உன் வீட்டுல! போன வருஷம் பட்டது போதாதா உனக்கு?"

"வேற யாராச்சும் இருக்காங்களா பாருங்க!"

"யாரு இருக்கா? ஆம்பளை பொம்பளை எல்லாம் அங்கதான். அத்தனை பேரும் சாவு வீட்டுல நிக்கறாங்க. யாரைக் கூட்டிட்டு வந்தாலும் அதே கதைதான்."

தோலிபும் அதே ஊரில் பிறந்தவன்தானே! சாவு வீட்டிலிருந்து வருகிறவனைப் பிள்ளை பெற்றவள் வாசலிலேயே நிறுத்துகிற ஊர் அது. போன வருஷம் ஒரு சின்னக் குழிக்குள் போன மகனின் முகத்தை நேரில் ஒருமுறைகூட அவன் பார்த்ததில்லை. இவளும் போய்விட்டால்? நெருப்புக்குத் தப்பி, இந்த மண்ணுக்குப் பலியானால்? அப்படி யோசித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் திரி முழுவதும் சாய்ந்தது. மெழுகு ஊறிய குஞ்சத்தின் நுனியில் ஒரு நீலச் சுடர் ஒட்டிக்கொண்டது.

"குதிங்க!" என்று அலறினான். "பாவம் என் தலையில! குதிங்கண்ணே!"

"நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்கம்மா மண்ணை வாரி என்மேலதான் தூத்துவா."

"தூத்தட்டும்! நான் இருக்கேன்!"

"நீ எங்கடா இருக்க?" என்றார் ஹம்ரோகுல். "நீ ரஷ்யாவுல இருக்க."

சொன்னாரே தவிர, அவர் ஏறிவிட்டார் போலிருக்கிறது. மண் சரிகிற சத்தமும் தொப்பென்று விழுகிற சத்தமும் கேட்டன. பிறகு இரண்டு போன்களும் ஒன்றாகச் செத்தன. மின்சாரம் போனால் ஊர் டவரின் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்புறம் அதற்கும் இழுப்புதான், வரும், போகும். இடது கையில் இருந்த திரையில் படம் அப்படியே உறைந்து நின்றது. சாய்ந்த சுலைஹாவின் தலை, மகளின் மூக்கு, வெல்வெட் துணியில் ஒரு விரல் உயரத்துக்குத் தீ.

தோலிப் அந்தப் படத்தைப் பார்த்தபடி நின்றான். வேறு என்ன செய்ய முடியும்? அடித்தால் லைன் இல்லை. கத்தினால் கேட்க ஆளில்லை. ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது? நடுவில் ஒரு தேசம் முழுக்கக் கிடக்கிறது. ஒரு கைப்பிடித் துணியை எட்டி இழுத்துப் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அப்பன் என்று இருக்கிறவன் காலிப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனைச் சுற்றி, சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர்கள் சிதறிக் கிடந்தன. கையில் ஒட்டிக்கொண்ட ஒன்றைப் பிய்க்கப் போனான், அது மறு கையில் ஒட்டிக்கொண்டது.

இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்ல வந்த லுத்மிலா அவனைப் பார்த்து நின்றுவிட்டாள். பாய்மூராத் அவளுக்கு அரைகுறை ரஷ்ய மொழியில் விஷயத்தைச் சொன்னார். அவள் தோலிபைப் பார்த்தாள், திரி விலகியவை கிடக்கிற தொட்டியைப் பார்த்தாள், மறுபடி தோலிபைப் பார்த்தாள். "ஐயோ பையா," என்றாள். அவன் மேசையில் குவிந்திருந்த வேலையைத் தானே எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள்.

பாய்மூராத் தன் போனில் ஊருக்கு அடித்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்துத் தோலிபின் போன் தானாக அடித்தது. அம்மா.

எடுத்ததும் அழுகைதான் கேட்டது. பெருங்குரலெடுத்த அழுகை.

"அம்மா, புள்ளை? அம்மா! முதல்ல புள்ளையைச் சொல்லு!"

"இருக்காடா, இருக்கா. மூச்சு இருக்கு, பால் குடிக்கறா. அல்லா காப்பாத்தினான்."

தோலிப் நெற்றியைத் தரையில் வைத்தான். பாய்மூராத் அவன் முதுகைத் தட்டினார், தட்டிக்கொண்டே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அம்மா விட்டு விட்டுச் சொன்னாள். ஹம்ரோகுல் உள்ளே நுழைந்தபோது தொட்டில் துணி பாதி எரிந்துவிட்டிருந்தது. சூடு பட்டுத்தான் சுலைஹா விழித்திருக்கிறாள். கட்டியிருந்த பட்டைகளை அவிழ்க்க வேண்டியிருந்ததே, எரிகிற துணிக்கு அடியில் கையைவிட்டு ஒவ்வொன்றாக அவிழ்த்திருக்கிறாள். பத்து விரலும் கொப்பளித்துப் போயிற்று. ஹம்ரோகுல் தன் அங்கியைக் கழற்றித் தீயின் மேல் போட்டு அமுக்கி அணைத்திருக்கிறார். செய்தி கேட்டு அம்மாவும் மையத்து வீட்டிலிருந்து அதே துணியோடு ஓடிவந்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

"கபர் மண்ணு தொட்டில் வரைக்கும் கிடக்குடா," என்றாள். அழுகை நின்று, குரல் தணிந்து, ரகசியம் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. "நானும் தீட்டோட வந்துட்டேன். விளக்கும் அணைஞ்சுபோச்சு. போன தடவை விளக்கு ஒண்ணு அணைஞ்சதுக்கே அந்தப் பாடு. இப்ப எல்லாம் சேர்ந்து வந்திருக்கு. அறை இருட்டாக் கிடக்குடா, புள்ளை இருட்டுல படுத்திருக்கு." பிறகு போனுக்கு அப்பால் திரும்பி, "ஹம்ரோகுல், அந்தப் பெட்டியிலருந்து இன்னொண்ணை எடு," என்றாள்.

"அம்மா, வேண்டாம்!" என்றான் தோலிப். "அந்தப் பெட்டியில இருக்கறது எல்லாமே கழிச்சுப் போட்டதும்மா. நல்லது ஒண்ணுகூட இல்ல. நான்தான் தெரிஞ்சே அனுப்பினேன். ஏத்தாதீங்க."

"நீதானேடா அணைய விடாதே, அணைய விடாதேன்னு உயிரை எடுத்த?"

"இப்ப நானே சொல்றேன், அணைச்சுப் போடுங்க. இருட்டா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"ஒண்ணைப் பறிகொடுத்தது போதும்," என்றாள் அம்மா. "நீ தூரத்துல இருந்துக்கிட்டு என்ன வேணாலும் பேசுவ. இங்க வந்து புள்ளை முகத்தைப் பார்த்துக்கிட்டு அதைச் சொல்லு."

"சுலைஹாகிட்ட குடு."

சுலைஹாவின் மூச்சு கேட்டது. போனை யாரோ அவள் காதில் பிடித்திருக்க வேண்டும்.

"சுலைஹா, ஏத்த விடாதே. நீயே பார்த்தியே! நீதானே பயமா இருக்குன்னு சொன்ன?"

"சொன்னேன்," என்றாள். "அவனும் இதே தொட்டில்லதாங்க கிடந்தான். அன்னிக்கு இருட்டுல அவன் மூச்சு எப்ப நின்னுதுன்னே எனக்குத் தெரியல. பக்கத்துலயேதான் இருந்தேன்." மறுபடி மூச்சு. "வெளிச்சம் இருக்கட்டுங்க. நான் இனிமே தூங்க மாட்டேன்."

அவள் தூங்கிவிடுவாள். அது தோலிபுக்குத் தெரியும், பாய்மூராத்துக்குத் தெரியும், அவளுக்குமே தெரியும். நாள் கணக்காகக் கண் மூடாத பெண்பிள்ளை எப்படித் தூங்காமல் இருப்பாள்? கத்தலாம் என்று வாயெடுத்தான். கத்தி என்ன ஆகப்போகிறது! அங்கே தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. முதல் குச்சி நமுத்துப்போயிருந்தது போல, மறுபடி உரசினார்கள்.

"சரி, கேளு," என்றான் அவசர அவசரமாக. "சுலைஹா, நல்லாக் கேட்டுக்கோ. தகரப்பெட்டி மேல வேண்டாம். பெரிய இரும்புச் சட்டி இருக்குல்ல, பிலாவ் செய்யறது, அதை எடுக்கச் சொல்லு. அதுல மண்ணு போட்டு, மெழுகுவத்தியை ஆழமா ஊன்றி நிறுத்தச் சொல்லு. உடைஞ்சு கொட்டினாலும் சட்டிக்குள்ளயே கொட்டும். சட்டியை அறை நடுவுல வைக்கணும், வெறுந்தரையில. கம்பளத்துல வைக்காதே. தொட்டிலை எதிர்ச் சுவர் ஓரமா நகர்த்து. மேல தொங்கற துணி எல்லாத்தையும் எடுத்துடு, ஒண்ணுகூட வேண்டாம். புள்ளையைக் கட்டாதே, கட்டாமலே படுக்கப் போடு. ஜன்னல் பக்கம் கொண்டு போகாதே, காத்து அடிச்சா ஒரு பக்கமாவே உருகும். மெழுகு பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்திடாதீங்க, சட்டியை மூடிடுங்க. மூடியைப் பக்கத்துலயே வச்சிரு. நீயும் அம்மாவும் மாத்தி மாத்தி முழிச்சிருங்க, ஒருத்தர் தூங்கினா ஒருத்தர்..."

"தம்பி," என்றார் பாய்மூராத்.

"...பாதிக்கு மேல எரிய விடாதே, பாதி ஆனதும் அணைச்சுட்டு வேற ஏத்து, சுவர் மெலியுதான்னு பார்த்துக்கிட்டே இரு..."

"தம்பி, லைன் எப்பவோ போயிடுச்சுடா."

தோலிப் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"திரியை வெட்டச் சொல்லணும்ணே," என்றான். "அதைச் சொல்லவே இல்ல."